ஏரோது வராத கிறிஸ்துமஸ்

டிசம்பர் தொடங்கியதும் விசுவாசிகள் கூடும் இடங்களில் ஒரு குறை தவறாமல் காதில் விழும். கிறிஸ்துமஸை வியாபாரிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், விளக்கும் பரிசும் விருந்தும்தான் பண்டிகை என்றாகிவிட்டது, யாருக்காக இந்த நாளோ அவரையே மறந்துவிட்டோம் என்று. பிரசங்க பீடத்திலிருந்தும் கேட்டிருக்கிறேன், ஜெபக்கூட்டம் முடிந்து கலையும்போது நடக்கும் பேச்சிலும் கேட்டிருக்கிறேன். அந்த வருத்தத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதில் உண்மை இருக்கிறது, எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் அந்த வருத்தத்துக்கு மருந்தாகச் சொல்லப்படுகிறவற்றில் என் மனம் ஒருபோதும் ஒப்பவில்லை. விளக்கைக் குறையுங்கள், வாங்குவதைக் குறையுங்கள், மரம் வேண்டாம், தாத்தா வேஷம் வேண்டாம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நடுவில் கிறிஸ்து தானாக வந்து நின்றுவிடுவார் என்பதுபோல ஒரு எண்ணம் அதற்கு அடியில் ஓடும். அப்படி நடக்கிறதா?

இந்தக் குறையின் வயது தெரிந்தபோது என் சந்தேகம் வலுத்தது. டிசம்பர் 25ஆம் தேதியை ரோமில் கிறிஸ்து பிறப்பாகக் குறித்துக்கொண்டார்கள் என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதிலிருந்து அரை நூற்றாண்டுகூட முழுதாக ஆகாத காலத்தில், கான்ஸ்டான்டினோப்பிளில் நாசியான்சுஸ் கிரகோரி என்ற ஆயர் இந்தத் திருநாளுக்காக ஒரு பிரசங்கம் செய்கிறார். வாசல்களை அலங்கரிக்க வேண்டாம், நடனங்களுக்கு ஏற்பாடு செய்ய வேண்டாம், தெருக்களைச் சோடிக்க வேண்டாம், கண்ணுக்கும் காதுக்கும் நாவுக்கும் விருந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்று அதில் கெஞ்சாத குறையாகச் சொல்கிறார். பேரங்காடியும் தொலைக்காட்சி விளம்பரமும் இல்லாத காலம் அது. பண்டிகை பிறந்து கண் திறப்பதற்குள்ளேயே அதன் நடு காலியாகிவிடுமோ என்ற பயமும் பிறந்துவிட்டது. வியாபாரம் இந்தப் பயத்தைப் பெரிதாக்கியிருக்கலாம். அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், வியாபாரத்துக்கு இத்தனை நூற்றாண்டு முன்பே ஒரு ஆயர் இப்படித் தவித்திருக்க மாட்டார்.

எடுத்துவிடுவது என்ற மருந்தையும் மனிதர்கள் முழு மூச்சாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1647இல் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே ஒழித்து உத்தரவு போட்டது. அந்த டிசம்பர் 25 அன்று கேன்டர்பரியில் கலகம் மூண்டது. கடலுக்கு அப்பால் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் ஒரு சட்டம் வந்தது: கிறிஸ்துமஸைக் கொண்டாடுகிறவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். 1681 வரை அது நீக்கப்படவில்லை. இதைச் செய்தவர்கள் தேவனை நேசிக்காதவர்கள் இல்லை. வேதத்தில் கட்டளை இல்லாத ஒரு பண்டிகை குடிக்கும் கூத்துக்கும் சாக்காகிவிட்டது என்று மனம் நொந்துதான் செய்தார்கள். அவர்கள் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு நாளைக் காலண்டரிலிருந்து அழிக்கலாமே தவிர, அழித்த இடத்தில் பக்தி முளைக்கும்படி உத்தரவு போட முடியாது. வீட்டளவிலும் இதுதான். குறைவாக வாங்கிய, குறைவாகச் சமைத்த, அமைதியான கிறிஸ்துமஸ் நல்லதுதான். கடன் மிச்சம், அலைச்சல் மிச்சம். அந்த அமைதியில் நாம் எதை நோக்கித் திரும்புகிறோம் என்பது வேறு கேள்வி. அதற்கான விடையை எனக்குக் காட்டியவர் ஒரு பெண். பதிலாகச் சொல்லவில்லை, கேள்வியாகத்தான் கேட்டார்.

அக்கா கேட்டது

எங்கள் சபையில் ஆண்டுதோறும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கிறிஸ்து பிறப்பு நாடகம் போடுவார்கள். காபிரியேல் வருவார், யோசேப்பும் மரியாளும் கதவு கதவாகத் தட்டுவார்கள், சத்திரக்காரன் கையை விரிப்பான், மேய்ப்பர்கள் ஆடுகளோடு வருவார்கள், ஞானிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வைத்து முழங்காலிடுவார்கள். எல்லாரும் ஒன்றாக நின்று பாட, திரை விழும், கைதட்டல் எழும். எழுதப்பட்ட வரிகள் ஏறக்குறைய மாறுவதே இல்லை; நடிக்கிற பிள்ளைகள்தான் வளர்ந்து மாறுவார்கள். நானும் அதைப் பார்த்து மகிழ்கிறவன்தான். மரியாளாக வரும் சிறுமி பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துவிட்டு அவசரமாகத் திருப்புவதைப் பார்க்கும்போது அந்தக் கதை எவ்வளவு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று தோன்றும்.

அந்த ஆண்டு எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். ஆண்டின் நடுவில் தன் மகனை அடக்கம் செய்தவர். பள்ளிக்கூடம் சேரும் வயதுகூட ஆகாத பிள்ளை. அதற்குப் பிறகு ஆராதனைக்கு வருவது குறைந்திருந்தது. அன்று வந்திருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திரை விழுந்து கைதட்டல் அடங்கியபின் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இதுக்கப்புறம் ஒரு காட்சி இருக்கணுமே?”

“எந்தக் காட்சிக்கா?”

“ஏரோது வரணும்ல. அந்தப் பிள்ளைங்க...”

புதிதாய்ப் பிறந்த ராஜாவுக்குப் பயந்து பெத்லெகேமின் ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன ராஜா ஏரோது; அதற்கு முன்பே யோசேப்பு கனவில் எச்சரிக்கப்பட்டு, குழந்தையோடு எகிப்துக்குத் தப்பிவிட்டார். எனக்குச் சொல்ல எதுவும் வரவில்லை. சின்னப் பிள்ளைகள் நடிக்கிறார்கள், அதையெல்லாம் எப்படிக் காட்டுவது என்று ஏதோ முணுமுணுத்தேன். அவர் கோபப்படவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. “எல்லாரும் என்கிட்ட ஆறுதலா இருங்க, ஆறுதலா இருங்கன்னுதான் சொன்னாங்க. தப்பாச் சொல்லல, அன்பாத்தான் சொன்னாங்க. ஆனா வேதத்துலயே ஒருத்தி ஆறுதலடையாம இருக்கான்னு எழுதியிருக்குல்ல? கிறிஸ்துமஸ் கதையிலதான எழுதியிருக்கு? அவளை மட்டும் ஏன் மேடைக்குக் கூட்டிட்டு வர மாட்டேங்கறீங்க?” என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் கேட்டார். “யோசேப்புக்குக் கனவு வந்துச்சு, பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாரு. அந்த ஊர்ல இருந்த மத்த அப்பாக்களுக்கு ஏன் கனவு வரல?”

பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பேச்சு அதோடு நின்றது. அந்த இரண்டு கேள்வியும் நிற்கவில்லை.

மத்தேயு விட்டுவைக்காதது

ராகேலைப் பற்றிய அந்த வசனம் எனக்குத் தெரியாதது இல்லை. இஸ்ரவேலின் தாய்களில் ஒருத்தியான ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருக்கிறாள் என்று எரேமியா சொன்னதை மத்தேயு தன் இரண்டாம் அதிகாரத்தில், பெத்லெகேமின் பிள்ளைகள் கொல்லப்பட்ட இடத்தில் எடுத்து வைக்கிறார். ஞானிகள் முழங்காலிட்டதும் அதே அதிகாரம்தான். நட்சத்திரத்துக்கும் இரத்தத்துக்கும் இடையில் சில வசனங்கள்தான் தூரம். நாம் அந்த இடைவெளியில் திரையை இறக்கிவிடுகிறோம். வாழ்த்து அட்டையிலும் அப்படி, பாடல்களிலும் பெரும்பாலும் அப்படி. வியாபாரம் நம்மிடமிருந்து எதையும் பிடுங்குவதற்கு முன்பே, கதையின் பாதியை நாமே எடுத்து ஒளித்து வைத்துவிட்டோம் என்பது அந்த நாடகத்துக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. மிச்சமிருக்கும் பாதி அழகானது. அழகான பாதியை யார் வேண்டுமானாலும் எடுத்து எந்தப் பொருளின் மேலும் ஒட்டிக்கொள்ளலாம். நட்சத்திரமும் தொழுவமும் குழந்தையும் எந்தக் கடையின் முகப்பிலும் பொருந்திவிடும். ஏரோதை அப்படி எங்கும் ஒட்ட முடியாது. ராகேலை வைத்து எதையும் விற்க முடியாது.

வரலாறு என்ன சொல்கிறது என்றும் தேடிப் பார்த்தேன். பெத்லெகேம் கொலையைச் சொல்வது மத்தேயு மட்டும்தான். ஏரோதைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதிய யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் அதைக் குறிப்பிடவில்லை. ஆனால் அவர் வரைந்து காட்டும் ஏரோது யார்? மனைவி மரியம்னேயைக் கொன்றவன். அவளுக்குப் பிறந்த அலெக்சாண்டர், அரிஸ்தோபுலு என்ற இரண்டு மகன்களைக் கொன்றவன். சாவதற்குச் சில நாள் முன்பு அந்திப்பாத்தர் என்ற மூன்றாவது மகனையும் கொன்றவன். சிங்காசனம் ஆடும் என்று சந்தேகம் வந்தால் சொந்தப் பிள்ளையையே விடாதவன், ஊர் பேர் தெரியாதவர்களின் பிள்ளைகளை விட்டுவைப்பானா? பெத்லெகேம் சின்ன ஊர் என்பதால் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான் இருந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. பிற்காலத்துக் கிழக்குச் சபை மரபில் அந்த எண்ணிக்கை 14,000 வரை ஏறியது. பெரிய எண் சொன்னால்தான் பெரிய துயரம் என்று நினைத்தார்களோ என்னவோ. என் பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு எண்ணிக்கை ஒன்று. அதைவிடப் பெரிய எண் உலகத்தில் கிடையாது.

மத்தேயு இருட்டைச் சேர்ப்பது இந்த ஓரிடத்தில் மட்டுமல்ல என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. நற்செய்தியின் முதல் பக்கத்தில் அவர் போடும் வம்ச வரலாற்றை நாம் யாரும் கிறிஸ்துமஸில் படிப்பதில்லை, பெயர்ப் பட்டியல் என்று தாண்டிவிடுகிறோம். அதில் நான்கு பெண்களை அவர் வேண்டுமென்றே நிறுத்துகிறார். மாமனாரால் ஏமாற்றப்பட்ட தாமார், எரிகோவின் ராகாப், மோவாபிலிருந்து விதவையாக வந்த ரூத், பெயரைச் சொல்லாமல் உரியாவின் மனைவி என்று மட்டும் குறிக்கப்படுகிறவள். உரியாவைச் சாகவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவின் கொலைக்குற்றம் முழுவதும் அந்தக் கடைசிக் குறிப்பில் அடங்கியிருக்கிறது. லூக்காவும் சளைத்தவர் இல்லை. குழந்தையைக் கையில் ஏந்திய சிமியோன் முதியவர் நன்றி சொல்லி முடித்த கையோடு தாயைப் பார்த்து, உன் ஆத்துமாவை ஒரு பட்டயம் உருவிப்போகும் என்கிறார். பிறந்து நாற்பது நாள் ஆன பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறவளிடம் சொல்கிற வார்த்தையா அது? ஆனால் சுவிசேஷம் எழுதினவர்கள் அதை மறைக்கவில்லை. இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில், இப்படிப்பட்ட ஒரு ராஜாவின் காலத்தில், இப்படி உருவிப்போகும் பட்டயத்துக்கு நடுவில்தான் அவர் வந்தார் என்பதே அவர்கள் சொல்ல வந்த செய்தி. அவற்றை எடுத்துவிட்டால் அவர் ஏன் வர வேண்டியிருந்தது என்பதும் சேர்ந்து போய்விடுகிறது.

25க்குப் பிறகு வரும் நாள்கள்

பழைய சபையின் காலண்டரை அமைத்தவர்கள் நம்மைவிடத் துணிச்சலானவர்கள். டிசம்பர் 25 முடிந்த மறுநாளே ஸ்தேவானின் நாள். கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் இரத்தசாட்சி. 27ஆம் தேதி யோவானின் நாள். 28ஆம் தேதி மாசில்லாக் குழந்தைகளின் நாள், அதாவது பெத்லெகேமின் பிள்ளைகளுக்கான நாள். கிழக்குச் சபைகளில் அது 29ஆம் தேதி. தொட்டிலை வைத்த கையோடு சவப்பெட்டியையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இந்த வரிசையை நான் இளம் வயதில் படித்தபோது, பண்டிகை மகிழ்ச்சி அடங்குவதற்குள் இதென்ன என்றுதான் நினைத்தேன். இப்போது அதில் ஒரு பெரிய கருணையைப் பார்க்கிறேன். 25ஆம் தேதி சிரிக்க முடியாதவர்களுக்காக யாரோ யோசித்திருக்கிறார்கள். மூன்று நாள் பொறு, உனக்கும் இந்தத் திருநாளில் ஒரு இடம் உண்டு என்று சபையின் காலண்டரே அவர்களிடம் சொல்கிறது. ஆனால் நமக்கு 25 மாலையோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. 26ஆம் தேதி களைப்பு, 28ஆம் தேதி புத்தாண்டு ஆராதனைக்கான ஏற்பாடு. பெத்லெகேமின் பிள்ளைகளை நினைக்க யாருக்கும் நேரமில்லை.

நாடகத்தில் அதைக் காட்ட முடியாது என்று நான் முணுமுணுத்தேனே, அதற்கும் ஒரு பதில் வரலாற்றில் இருக்கிறது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் கம்பளி கத்தரிப்பவர்களும் தையற்காரர்களும் சேர்ந்த தொழிற்சங்கம் தெருவில் ஒரு நாடகம் போட்டுவந்தது. 1534இல் எழுதப்பட்ட அதன் பிரதியில் ஏரோது வருகிறான், அவன் சேவகர்கள் வருகிறார்கள். அவர்கள் வருவதற்கு முன் பெத்லெகேமின் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தாலாட்டுப் பாடுகிறார்கள். அழிக்கப்படப்போகிற பிள்ளைக்குப் பாடும் தாலாட்டு. கத்தரியும் ஊசியும் பிடித்த சாதாரண வேலைக்காரர்கள், ஊர் முழுக்கப் பார்க்கும் தெருவில், பண்டிகை நாடகத்தில் அதை வைத்தார்கள். 1940 நவம்பர் 14ஆம் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் அந்த நகரத்துப் பேராலயம் இடிந்து எரிந்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, கூரையில்லாமல் நின்ற அந்த இடிபாட்டிலிருந்தே வானொலியில் ஒலிபரப்பு நடந்தது. அதில் பாடியது இந்தத் தாலாட்டைத்தான். அந்தப் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்த ரிச்சர்ட் ஹோவர்ட், பழிவாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, அந்தக் குழந்தையைப்போன்ற கனிவுள்ள ஒரு உலகத்தைக் கட்டுவோம் என்று அன்று பேசினார். ஆறு வாரம் முன்பு ஊர் எரிந்தது. விளக்கையும் நட்சத்திரத்தையும் மட்டும் கொண்ட கிறிஸ்துமஸ் அவர்களிடம் இருந்திருந்தால் அந்த நாளில் பாடுவதற்கு அவர்களிடம் என்ன இருந்திருக்கும்?

இதே வழியில்தான் எனக்கு ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரும் விளங்கினார். நாட்சி அரசு அவரை 1943இல் கைது செய்து பெர்லினின் டேகல் சிறையில் அடைத்தது. அந்த நவம்பரில் எழுதிய கடிதம் ஒன்றில் சிறைக் கொட்டடியை, கிறிஸ்துமஸுக்கு முன் காத்திருக்கும் திருவருகைக் காலத்தோடு ஒப்பிடுகிறார். உள்ளே இருப்பவன் காத்திருக்கிறான், நம்புகிறான், சின்னச் சின்னதாக எதையாவது செய்துகொண்டிருக்கிறான். கதவு வெளியிலிருந்துதான் திறக்கப்பட வேண்டும். டிசம்பரில் தன் பெற்றோருக்கு எழுதும்போது, பெயருக்கு மட்டும் பண்டிகையை வைத்திருக்கும் இடங்களைவிட இந்தக் கட்டடத்துக்குள் பலர் உண்மையான கிறிஸ்துமஸைக் கொண்டாடுவார்கள் என்கிறார். சத்திரத்தில் இடமில்லாமல் தொழுவத்தில் பிறந்தார் என்பது ஒரு கைதிக்கு மற்றவர்களைவிட நன்றாகப் புரியும் என்பது அவர் சொன்னது. 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். விசுவாசம் நடுவில் இருப்பது என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் அந்தக் கொட்டடியைத்தான் நினைத்துக்கொள்கிறேன். எடுத்துவிட அங்கே எதுவும் இல்லை, சேர்க்கவும் எதுவும் இல்லை. கதை முழுதாக இருந்தது.

1223இல் இத்தாலியின் கிரெச்சோவில் துறவி அசிசி பிரான்சிஸ் தொழுவம் அமைத்ததை எல்லாரும் சொல்வோம். வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டுவரச் சொன்னவர், எதற்காக என்றும் சொல்லியிருக்கிறார்: அந்தக் குழந்தை பட்ட வசதிக்குறைவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று. அழகுக்காக அவர் அதைச் செய்யவில்லை. நம் வீட்டுக் குடில்களில் வைக்கோல் மெத்தென்று இருக்கிறது. தோலில் குத்தும் வைக்கோலைத்தான் அவர் காட்ட நினைத்தார்.

சந்தோஷம் வேண்டாமா?

இதை நண்பர்களிடம் சொன்னபோது சிலருக்கு வருத்தம். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், வருஷத்தில் ஒரு நாளாவது மனுஷன் சந்தோஷமாக இருக்கட்டுமே, துக்கத்தை நினைக்கத்தான் பெரிய வெள்ளி இருக்கிறதே என்றார்கள். பிள்ளைகளைப் பற்றிய கவலை நியாயம்தான். எந்த வயதுக்கு எவ்வளவு காட்டலாம் என்று யோசித்துத்தான் செய்ய வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்குப் பயம் தெரியாது என்று நினைப்பது பெரியவர்களின் ஆசை. அந்த அக்காவின் மகனோடு ஞாயிறு பள்ளியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அதே மேடையில்தான் மேய்ப்பர்களாக நின்றார்கள். அவன் ஏன் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். இயேசுவையும் ஒருவன் தேடி வந்தான், அவரையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது என்று தெரிந்தால், தங்கள் பயத்தை அவரிடம் கொண்டுபோக அவர்களுக்கு ஒரு வழி கிடைக்கும்.

சந்தோஷம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்குக் கிறிஸ்துமஸ் பாடல்கள் உயிர். ஆனால் எல்லா ஜனத்துக்கும் மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி என்று தூதன் சொன்னான் அல்லவா? அதற்கு முன் அவன் சொன்னது பயப்படாதிருங்கள் என்பது. பயத்தில் இருந்தவர்களிடம்தான் அந்தச் சந்தோஷம் முதலில் சொல்லப்பட்டது. மரியாள் எலிசபெத்தின் வீட்டில் பாடியதும், பலவான்கள் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுவதையும் பசியுள்ளவர்கள் நன்மைகளால் நிரப்பப்படுவதையும் பற்றித்தான். எல்லா ஜனம் என்பதில் அந்த அக்கா இல்லை என்றால், அது தூதன் அறிவித்த சந்தோஷம் இல்லை, நாம் சுருக்கிக்கொண்ட வேறொன்று. பண்டிகை நாளில் யாருடைய முகத்தைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல நாம் தயங்குகிறோமோ, அவர்களும் உட்கார இடம் இருக்கிற கொண்டாட்டமே விசுவாசத்தை நடுவில் வைத்த கொண்டாட்டம் என்று இப்போது நான் நம்புகிறேன். மரம் இருக்கிறதா இல்லையா, எத்தனை விளக்கு என்பதெல்லாம் அதற்குப் பிறகு பேசிக்கொள்ள வேண்டியவை.

அவருடைய இரண்டாவது கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. மற்ற அப்பாக்களுக்கு ஏன் கனவு வரவில்லை? போதகர்களிடம் கேட்டிருக்கிறேன், விளக்கவுரைகளைப் புரட்டியிருக்கிறேன். தேவ சித்தம் என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. பிள்ளையை இழந்தவர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஒன்று மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. எகிப்துக்குத் தப்பிப் போன அந்தப் பிள்ளை கடைசிவரை தப்பவில்லை. ஏரோதின் பட்டயத்துக்குத் தப்பியவரைப் பிலாத்துவின் சிலுவை பிடித்துக்கொண்டது. அன்று எருசலேமுக்கு வெளியே, எந்தக் கனவும் அவரைக் காப்பாற்றவில்லை. பெத்லெகேமின் தாய்மார்கள் நின்ற இடத்தில் மரியாளும் ஒருநாள் வந்து நின்றாள். தன் பிள்ளையை மட்டும் காப்பாற்றிக்கொண்டு போன ஒரு தேவனை நாம் ஆராதிக்கவில்லை. அவர் அந்த அப்பாக்களின் வரிசையிலேயே வந்து நின்றவர். இது அக்காவின் கேள்விக்குப் பதில் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே ஆராதனையில் உட்கார முடியும் என்ற தைரியத்தை எனக்கு அது கொடுத்தது. அவரிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அவருக்கும் தெரியும்” என்றார்.

அதற்கு அடுத்த ஆண்டு எங்கள் சபையில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தேயு இரண்டாம் அதிகாரத்தைக் கடைசி வசனம்வரை படிக்கிறோம். ஏரோது, எகிப்து, ராகேலின் அழுகை, பிறகு ஏரோதின் மகன் அர்கெலாவுக்குப் பயந்து யோசேப்பு கலிலேயாவுக்கு விலகிப் போவது, நாசரேத்து எல்லாம் அதில் வரும். படித்து முடித்ததும், அந்த ஆண்டு யாரை இழந்தோமோ அவர்கள் பெயரை விரும்புகிறவர்கள் இருந்த இடத்திலிருந்தே சொல்லலாம். முதல் முறை யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். நேரம் போனது தெரியாமல் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிறந்து பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட ஒரு பிள்ளைக்காக, வயதான ஒருவர் எத்தனையோ ஆண்டு கழித்து எழுந்து நின்றார்.

நாடகம்தான் பாக்கி. இந்த ஆண்டு எழுதுகிறவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். ஏரோதை மேடையில் காட்ட வேண்டாம், ஒரு சிறுமி நடுவில் வந்து நின்று ராகேலின் வசனத்தை மட்டும் சொன்னால் போதும் என்பது என் கருத்து. எகிப்துக்குப் போகிற வழியைக் காட்டாவிட்டால் பிள்ளைகளுக்குப் புரியாது என்று வேறு சிலர் சொல்கிறார்கள், அதிலும் அர்த்தம் இருக்கிறது. அக்காவையும் கூப்பிட்டுக் கேட்டோம். காட்சி வரட்டும், ஆனால் அதோடு திரையை இறக்கிவிடாதீர்கள், மூன்று பேரும் நாசரேத்துக்குத் திரும்பி வந்து சேருகிற காட்சியையும் வையுங்கள் என்றார். அதை இன்னும் எழுதவில்லை.